பத்துப் பொருத்தமும் போதாது!

இந்த இதழ்க் கேள்விகள் முழுக்க ஜோடி ஸ்கேட்டிங் பற்றியவை. வந்த கடிதங்களில் பாதி, ஜெர்மனிக்கு ஆடிய ஜோடி வீராங்கனை அல்யோனா சாவ்சென்கோவைப் பற்றி. மீதிப் பாதி, 'தூக்கிப் போட்டால் வலிக்காதா?' என்று. இரண்டுக்கும் பதில் உண்டு.

கே: ஜோடி ஸ்கேட்டிங் என்பது ஐஸ் மேல் ஆடும் டூயட்தானே?
(வாசகர், திண்டுக்கல்)

ப: டூயட்டில் கதாநாயகி தடுக்கி விழுந்தால் 'கட்' சொல்லி மறுபடி எடுப்பார்கள். இங்கே ஒரே டேக். குறுகிய ஆட்டம் சுமார் 2 நிமிடம் 40 விநாடி, நீண்ட ஆட்டம் 4 நிமிடம். அதற்குள் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஆண் சுழன்று சுழன்று ஐஸைக் கடக்க வேண்டும், அது லிஃப்ட். மேலே எறிந்து, அவர் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி வரும்போது இடுப்பில் பிடிக்க வேண்டும், அது ட்விஸ்ட். வீசியெறிந்தால் அவர் தானே சுழன்று ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும், அது த்ரோ. இது போக, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் தாவ வேண்டும். கடைசியாக டெத் ஸ்பைரல்: ஆண் நடுவில் ஊன்றி நிற்க, அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு பெண் ஐஸோடு ஐஸாகச் சாய்ந்து வட்டமடிப்பது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

கே: அப்படியானால் ஐஸ் டான்ஸ்?
(வாசகி, காரைக்குடி)

ப: அங்கே தலைக்கு மேல் தூக்கக் கூடாது, வீசக் கூடாது. அடவும் தாளமும்தான் மூலதனம். டி.வி. பார்க்கும்போது வயிற்றைக் கலக்கினால் அது ஜோடி ஸ்கேட்டிங் என்று அறிக.

கே: ஜோடி ஸ்கேட்டிங்கில் மிகக் கடினமான வித்தை எது?
(வாசகர், ஈரோடு)

ப: ஜோடி கிடைப்பது. நான்கு சுற்று த்ரோவைக்கூடப் பழகி எடுத்துவிடலாம். நம் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் போதும். இங்கே உயரம், எடை, தாவும் நேரம், சுழலும் திசை, பயிற்சியாளர், ஊர், குடியுரிமை என்று அது நீண்டுகொண்டே போகும். எல்லாம் பொருந்திய பிறகு, ஒருவருக்கு முழங்கால் போனால் இருவருக்கும் சீசன் போய்விடும். சாவ்சென்கோவின் கதையே மூன்று ஜோடிகளின் கதைதான்.

கே: அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(வாசகி, சேலம்)

ப: உக்ரைனில், கீவ் நகருக்குத் தெற்கே உள்ள ஒபுகிவ் என்ற ஊரில் 1984இல் பிறந்தார். ஸ்தானிஸ்லாவ் மொரோசோவுடன் சேர்ந்து 2000இல் உலக ஜூனியர் பட்டம். அதே ஜோடியாக 2002 ஒலிம்பிக்கில் 15ஆம் இடம். பிறகு அந்த ஜோடி பிரிந்தது. சாவ்சென்கோ ஆள் தேடி ஜெர்மனியின் கெம்னிட்ஸுக்குப் போனார். 2003இல் அங்கே ராபின் சோல்கோவியுடன் சேர்ந்தார். பதினோரு ஆண்டுகள், ஐந்து உலகப் பட்டங்கள் (2008, 2009, 2011, 2012, 2014), இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்கள். சோல்கோவி ஓய்வு பெற்றார். சாவ்சென்கோவுக்கு அப்போது வயது 30. 'போதும்' என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. பிரான்ஸிலிருந்து ப்ரூனோ மஸ்ஸோவைப் பிடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். 2018இல் தங்கம். அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக்.

கே: ஐந்து முறை உலக சாம்பியன். ஆனால் சோல்கோவியுடன் ஒலிம்பிக் தங்கம் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?
(வாசகர், தஞ்சாவூர்)

ப: உலகப் போட்டி ஆண்டுதோறும் வரும். இந்த முறை சறுக்கினால் அடுத்த மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். ஒலிம்பிக்கில் சறுக்கினால் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். 2010 வான்கூவரில் சீனாவின் இரண்டு ஜோடிகள் முந்திக்கொண்டன. 2014 சோச்சியில் ரஷ்யாவின் இரண்டு ஜோடிகள் முந்திக்கொண்டன. சோச்சியில் இவர்கள் கடைசி அஸ்திரமாக த்ரோ ட்ரிபிள் ஆக்ஸெலை எடுத்தார்கள். த்ரோக்களில் வெகு சிலரே தொடத் துணிந்தது அது. சாவ்சென்கோ விழுந்தார். அடுத்த மாதமே ஜப்பானின் சைத்தாமாவில் உலகப் பட்டம் வென்று ஜோடிக் கணக்கை முடித்தார்கள்.

கே: பிரிந்த ஜோடிகள் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களா?
(வாசகி, பாளையங்கோட்டை)

ப: பார்க்காமல் தப்பவே முடியாது, உலகமே நாலைந்து ஐஸ் அரங்குகள்தான். கேளுங்கள். சாவ்சென்கோவின் பழைய ஜோடி மொரோசோவ், அடுத்து தத்யானா வொலொசோஜாருடன் உக்ரைனுக்காக ஆடினார். பிறகு அவர் ஒதுங்கிக்கொள்ள, வொலொசோஜார் ரஷ்யாவுக்குப் போய் மக்சிம் த்ரான்கோவுடன் சேர்ந்தார். மொரோசோவ் அவர்களுடைய பயிற்சியாளர் குழுவில். சோச்சியில் தங்கம் வென்றது அந்த ஜோடிதான். அதாவது, பழைய ஜோடி வளர்த்த ஜோடியிடம் புது ஜோடியோடு தோற்றார் சாவ்சென்கோ.

இன்னும் இருக்கிறது. 2018இல் மஸ்ஸோவோடு அவர் களம் இறங்கியபோது, எதிர் முகாமில் ரஷ்யாவின் தராசோவா - மொரோசோவ் ஜோடிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ராபின் சோல்கோவி. (இந்த மொரோசோவ் வேறு ஆள். குழம்ப வேண்டாம், ஏற்கெனவே போதுமான குழப்பம் இருக்கிறது.)

கே: உக்ரைனில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடுவது, பிரெஞ்சுக்காரரைச் சேர்த்துக்கொள்வது... நாட்டுப்பற்று எங்கே போயிற்று?
(வாசகர், கோவை)

ப: ஜோடி கிடைக்கும் ஊருக்குப் போயிற்று. இதில் ஒரு விதி தெரிந்துகொள்ளுங்கள். உலகப் போட்டிகளில் இருவரில் ஒருவர் அந்த நாட்டவராக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அதனால்தான் 2006 டூரின் ஒலிம்பிக்குச் சற்று முன்னால் சாவ்சென்கோ ஜெர்மன் குடியுரிமை பெற்றார். மஸ்ஸோவுக்கு இரட்டைப் பூட்டு. முதலில், பிரெஞ்சு சம்மேளனம் அவரை விடுவிக்க வேண்டும். அதற்கே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 30,000 யூரோ கைமாறியதாக அப்போது செய்திகள் வந்தன. அதுவரை இருவரும் பயிற்சி செய்தார்களே தவிர, போட்டியில் இறங்க முடியவில்லை. அடுத்து, ஜெர்மன் மொழித் தேர்வு. முதலில் தேறவில்லை. 2017 நவம்பரில், ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் குடியுரிமை கைக்கு வந்தது. ட்விஸ்டும் த்ரோவும் வாய்த்தவருக்கு வினைச்சொல் வாய்க்கவில்லை. ஆகவே, ஜெர்மன் இலக்கணத்தில் தவறும் நம் ஊர்ப் பிள்ளைகளை இனித் திட்டாதீர்கள்.

கே: என் கணவரிடம் அந்த லிஃப்ட்டைக் காட்டி, என்னைத் தூக்கச் சொன்னேன். டி.வி.யை அணைத்துவிட்டார்.
(வாசகி, பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: விவேகி. அவர் சார்பாக ஒன்று சொல்கிறேன்: லிஃப்ட்டில் தூக்குபவர் பங்கு ஒரு பகுதிதான். ஓடி வரும் வேகத்தில் பெண் உந்தி எழுகிறார், உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஆணின் கை மேல் தன் கையை ஊன்றுகிறார். கொஞ்சம் தளர்ந்தாலும் அதே எடை இரு மடங்காகக் கனக்கும். அவர்களும் முதலில் தரையில் பல மாதம் பழகிவிட்டுத்தான் ஐஸுக்குக் கொண்டுபோகிறார்கள். நீங்கள் தரையோடு நிறுத்திக்கொண்டது நல்லது.

கே: 2018 பியோங்சாங்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாக...
(வாசகர், வேலூர்)

ப: பிப்ரவரி 14, குறுகிய ஆட்டம். சேர்ந்து தாவும் தாவலில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய மஸ்ஸோ இரண்டோடு இறங்கிவிட்டார். 76.59 மதிப்பெண், நான்காம் இடம். முதலிடத்தில் சீனாவின் சூய் வென்ஜிங் - ஹான் சோங், 82.39. கிட்டத்தட்ட ஆறு மதிப்பெண் பள்ளம். ஐந்தாவது ஒலிம்பிக்குக்கு வந்திருக்கும் 34 வயதுப் பெண் அன்றிரவு என்ன நினைத்திருப்பார்? 'இவனைத் தேடிப் பிடித்ததற்கு...' என்று நீங்களும் நானும் ஆரம்பித்திருப்போம்.

மறுநாள் நீண்ட ஆட்டம். நடனம் அமைத்தவர் கிறிஸ்டோஃபர் டீன். 1984இல் ஐஸ் டான்ஸில் தங்கம் வென்ற இங்கிலாந்துக்காரர். நான்கரை நிமிடம் (அன்றைய கணக்கு அது), ஒரு பிசிறு இல்லை. முந்தின நாள் இரண்டோடு நின்றவர் இன்று மூன்றும் சுற்றினார். 159.31. உலக சாதனை. மொத்தம் 235.90.

ஆனால் இன்னும் மூன்று ஜோடிகள் பாக்கி. மூன்றும் இவர்களுக்கு மேலே இருந்தவை. உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. கனடா முந்தவில்லை. சீன ஜோடிக்குச் சிறு பிழைகள்; மொத்தம் 235.47. கடைசியாக வந்தது சோல்கோவியின் ரஷ்ய மாணவர்கள்; அவர்கள் நான்காம் இடத்துக்கு இறங்கினார்கள். 0.43 வித்தியாசத்தில் தங்கம். 1952இல் ஓஸ்லோவில் ரியா - பால் ஃபால்க் தம்பதி வென்ற பிறகு, ஜோடி ஸ்கேட்டிங்கில் ஜெர்மனிக்கு வந்த முதல் தங்கம் அது. ஒரு மாதம் கழித்து மிலானில் உலகப் பட்டமும் வென்றார்கள். சாவ்சென்கோவுக்கு அது ஆறாவது.

கே: 0.43 எல்லாம் ஒரு வித்தியாசமா? எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

ப: ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. ஒன்பது நடுவர்கள் அதைச் செய்த நேர்த்திக்குக் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. அதோடு ஆட்டத்தின் கலைத் தரத்துக்குத் தனி மதிப்பெண். ஒருவர் விழுந்தால் ஒன்று கழியும், இருவரும் விழுந்தால் இரண்டு. ஆகவே 0.43 என்பது கால் நடுங்கிய ஒரு தரையிறக்கம், அவ்வளவுதான். சாவ்சென்கோவுக்கு இது பழக்கம்தான். 2012 நீஸ் உலகப் போட்டியில் வொலொசோஜார் ஜோடியை அவர் வென்றது 0.11இல். இன்னொரு கொசுறு: 0.43இல் தோற்ற சூய் - ஹான் ஜோடி, 2022 பெய்ஜிங்கில் சொந்த மண்ணில் தங்கம் வென்றது. வித்தியாசம் 0.63.

கே: நடுவர்கள் நேர்மையானவர்களா?
(வாசகர், விருதுநகர்)

ப: இந்தச் சராசரிக் கணக்கெல்லாம் வந்ததே அந்தச் சந்தேகத்தால்தான். 2002 சால்ட் லேக் சிட்டி. ரஷ்யாவின் பெரெஷ்னாயா - சிகாருலித்ஸே ஜோடி சிறு பிழையோடு ஆடித் தங்கம் வாங்கியது. கனடாவின் சாலே - பெல்டியே ஜோடி பிசகின்றி ஆடியும் வெள்ளிதான். அரங்கம் கொதித்தது. தனக்கு நெருக்கடி தரப்பட்டதாக பிரெஞ்சு நடுவர் சொன்னதாகத் தகவல் வர, கடைசியில் கனடாவுக்கும் தங்கம் கொடுத்தார்கள். ஒரே போட்டிக்கு இரண்டு தங்க ஜோடிகள். ஆறுக்கு மதிப்பெண் போடும் பழைய 6.0 முறை அதோடு கிளம்பிப் போயிற்று. இதில் பாவம் யார் என்றால் நான்கு பேருமே. யாரும் எதையும் திருடவில்லை.

கே: பயிற்சியாளர்களில் பிரச்சினைக்குரியவர்கள் உண்டா?
(வாசகர், புதுச்சேரி)

ப: கெம்னிட்ஸில் சாவ்சென்கோ - சோல்கோவியை உருவாக்கிய இங்கோ ஸ்டோயர், தானே 1997 உலக சாம்பியன், 1998 ஒலிம்பிக் வெண்கலம். அதற்கு முன்பு, கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில், 'ஸ்டாசி' ரகசிய போலீஸுக்கு வேவு சொன்னவர் என்பது 2006 ஒலிம்பிக்குச் சற்று முன் அம்பலமானது. ஜெர்மன் ஒலிம்பிக் குழு அவரை அணியிலிருந்து நீக்கியது. அவர் நீதிமன்றம் போய் டூரினுக்கு வந்துசேர்ந்தார். ஜோடி அவரை விடவில்லை. சரியா, தவறா? அந்த ரகசிய போலீஸ் கோப்பில் யார் பெயரெல்லாம் இருந்ததோ, அவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது.

கே: உண்மையில் வலிக்காதா? ஹெல்மெட் போட்டால் என்ன?
(கிட்டத்தட்ட எல்லா ஊர்களிலிருந்தும்)

ப: ஹெல்மெட் கிடையாது. வலி தாராளமாக உண்டு. 2004இல் பிட்ஸ்பர்க் போட்டியில் ரஷ்யாவின் தத்யானா தொத்மியானினா லிஃப்ட்டிலிருந்து தலைகுப்புற ஐஸில் விழுந்து நினைவிழந்தார். 2006இல் அதே ஜோடியோடு ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் சீனாவின் ஜாங் டான் நான்கு சுற்று த்ரோவில் விழுந்து, சில நிமிடம் கழித்து மறுபடி வந்து ஆடி, வெள்ளி வாங்கினார்.

இவர்களை எல்லாம் மிஞ்சியவர் எலேனா பெரெஷ்னாயா. 1996இல் ரீகா நகரில் பயிற்சியின்போது, பக்கத்தில் சுழன்ற அவருடைய அன்றைய ஜோடியின் ஸ்கேட் கத்தி அவர் தலையில் பாய்ந்தது. மூளையில் அறுவை சிகிச்சை. பேச்சு போய்விட்டது, மறுபடி கற்க வேண்டியிருந்தது. பிறகு சிகாருலித்ஸேயுடன் சேர்ந்து 1998இல் வெள்ளி, 2002இல் தங்கம். மேலே சொன்ன சண்டையில் 'திருடிய தங்கம்' என்று பலர் பேசியது இவருடைய கழுத்தில் தொங்கியதைத்தான்.

கே: ஐஸில் ஜோடி, வீட்டிலும் ஜோடியா?
(வாசகி, மதுரை)

ப: இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உண்டு: வொலொசோஜார் - த்ரான்கோவ் மணந்துகொண்டார்கள். சீனாவின் ஷென் ஷுவே - ஜாவ் ஹொங்போ தம்பதியாகவே 2010 தங்கம் வென்றார்கள். இல்லாததும் உண்டு: சாவ்சென்கோ தன் ஜோடிகளில் யாரையும் மணக்கவில்லை. அமெரிக்காவின் அலெக்ஸா நீரிம் முதலில் கணவரோடு ஆடினார். கணவர் ஓய்வு பெற்றதும் பிராண்டன் ஃப்ரேஸியரோடு சேர்ந்து 2022இல் உலக சாம்பியன் ஆனார். அண்ணன் தங்கையர் ஆடுவதும் சகஜம். டி.வி.யில் அவர்கள் பார்வையை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்தப் பார்வைக்கும் மதிப்பெண் உண்டு.

கே: காதலால் உடைந்த ஜோடி?
(அதே வாசகி)

ப: விடமாட்டீர்கள் போல! சோவியத் நாட்டின் இரினா ரோத்னினா 1972 ஒலிம்பிக் தங்கத்தை அலெக்சி உலானோவுடன் வென்றார். உலானோவின் மனசோ வெள்ளி வாங்கிய ஜோடியின் லுத்மீலா ஸ்மிர்னோவாவிடம். அவரையே மணந்து, அவரோடே ஆடப் போய்விட்டார். ரோத்னினா அலெக்சாண்டர் ஸைத்ஸெவ் என்ற புதியவரைச் சேர்த்துக்கொண்டார். 1973, 1974 உலகப் போட்டிகளில் காதல் ஜோடிக்கு வெள்ளி, கைவிடப்பட்டவருக்குத் தங்கம். அதோடு நிற்காமல் 1976, 1980 ஒலிம்பிக் தங்கங்கள். மொத்தம் பத்து உலகப் பட்டங்கள். ஸைத்ஸெவையும் மணந்தார்.

கே: ஆடும்போது இசை நின்றுவிட்டால்?
(வாசகர், கரூர்)

ப: மேலே சொன்ன அதே ரோத்னினா. 1973, பிராட்டிஸ்லாவா. நடு ஆட்டத்தில் இசை நின்றுபோனது. அவரும் ஸைத்ஸெவும் நிற்கவில்லை. கத்தி ஐஸைக் கீறும் சத்தத்தோடு முழு ஆட்டத்தையும் முடித்துத் தங்கம் வாங்கிப் போனார்கள். மைக் நின்றால் பேச்சை நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

கே: ரஷ்யர்களை ஏன் யாராலும் வெல்ல முடிவதில்லை?
(வாசகர், சிவகாசி)

ப: முடிகிறது, கொஞ்சம் தாமதமாக. 1964 முதல் 2006 வரை எல்லா ஒலிம்பிக்கிலும் ஜோடித் தங்கம் சோவியத் அல்லது ரஷ்யப் பள்ளிக்கே போயிற்று (2002இல் கனடாவுடன் பங்கு). 2010இல் சீனா அதை முறித்தது. பின்னர் ஜப்பானின் ரிகு மியூரா - ரியூயிச்சி கிஹாரா 2023, 2025இல் உலக சாம்பியன்கள். கிஹாரா 2019இல் ஓய்வுபெறும் யோசனையில் இருந்தவர். மியூராவோடு ஒருமுறை ஐஸில் இறங்கிப் பார்த்தார், யோசனையை மாற்றிக்கொண்டார்.

கே: ஜோடியில் ஒருவர் இறந்துபோனால்?
(வாசகர், நாகப்பட்டினம்)

ப: எகதெரீனா கோர்தியேவா - செர்கெய் க்ரின்கோவ். 1988, 1994 ஒலிம்பிக் சாம்பியன்கள், தம்பதி. 1995 நவம்பரில் லேக் ப்ளாசிட்டில் பயிற்சியின்போது மாரடைப்பில் க்ரின்கோவ் இறந்தார். வயது 28. சில மாதங்களில் கோர்தியேவா தனியாக ஐஸில் இறங்கி ஆடினார். வேறு ஜோடியோடு ஒலிம்பிக்குக்குத் திரும்பவில்லை.

கே: எனக்கு 40 வயது. இனி எதைத் தொடங்குவது?
(வாசகி, தர்மபுரி)

ப: 2000ஆம் ஆண்டு உலக ஜூனியர் போட்டி ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் நடந்தது. ஜோடியில் தங்கம் சாவ்சென்கோவுக்கு. தனிநபர் பிரிவில் வெள்ளி, அமெரிக்காவின் டியானா ஸ்டெலாட்டோவுக்கு. காயங்களால் அந்தப் பெண் விலகிப்போய், பதினாறு ஆண்டு ஸ்கேட்டையே தொடவில்லை. பிறகு திரும்பி வந்து, பழக்கமே இல்லாத ஜோடி ஸ்கேட்டிங்கைக் கற்றுக்கொண்டு, கனடாவின் மக்சீம் தெஷாமோடு சேர்ந்து 2024இல் மாண்ட்ரியலில் உலக சாம்பியன். அப்போது வயது 40. சாவ்சென்கோவும் தன் தங்கத்துக்குப் பயிற்சி எடுத்தது அதே ஓபர்ஸ்டோர்ஃபில், அலெக்ஸாண்டர் கோனிக் என்ற பயிற்சியாளரிடம். தர்மபுரியில் ஐஸ் இல்லையே என்று சாக்குச் சொல்லலாம். வயதைச் சொல்லாதீர்கள்.

கே: வென்ற பதக்கத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்களா?
(வாசகர், மாணவர், அரியலூர்)

ப: பதக்கம் ஆளுக்கு ஒன்று தருவார்கள் தம்பி. பிரிக்க முடியாதது பிழையைத்தான். இரண்டு சுற்றோடு இறங்கியது மஸ்ஸோ; நான்காம் இடம் இருவருக்கும். சோச்சியில் விழுந்தது சாவ்சென்கோ; வெண்கலம் சோல்கோவிக்கும் சேர்த்துத்தான். மதிப்பெண் பட்டியலில் 'யாரால்' என்று ஒரு கட்டமே கிடையாது. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், பிப்ரவரி 14 இரவே அந்த ஜோடி உடைந்திருக்கும். 15ஆம் தேதி தங்கம் சீனாவுக்குப் போயிருக்கும்.